மோட்டாரை ஆளும் சில்லும் பழுதுபார்க்கும் கையும்

மின்சாரம் என்றவுடன் பலருடைய நினைவுக்கு வருவது விளக்கே. ஆயினும், உலகில் செலவாகும் மின்சாரத்தில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு மோட்டார்களுக்கே செல்கிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று கணக்கிட்டது. கிணற்று நீரை இறைப்பதும், மாவை அரைப்பதும், நூலை நூற்பதும், ரயிலை இழுப்பதும் மோட்டாரின் வேலையே. ஆகவே மோட்டாரை எவ்வாறு ஓட்டுவது என்ற கேள்வி, ஒரு நாடு தன் மின்சாரத்தை எவ்வாறு செலவிடுவது என்ற கேள்வியேயாகும்.

இக்கேள்விக்கு இன்று விடையளிப்பது நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு சில்லு. மைக்ரோகண்ட்ரோலர் என்றே கடைத்தெருவில் இது வழங்குகிறது. கைவிரல் நகத்தின் அளவேயுள்ள இச்சில்லு மின்விசிறியிலும், ஸ்கூட்டரிலும், சூரிய சக்திப் பம்பிலும் அமர்ந்து, மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம், எக்கணத்தில், எத்திசையில் செல்ல வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆனால் மோட்டார் மாறிய வேகத்தில் அதைக் கற்பிப்போரின் பாடமும், அதைப் பராமரிப்போரின் பயிற்சியும் மாறவில்லை. இந்த இடைவெளி நிரப்பப்படாவிடில், சிக்கனத்துக்காக வந்த சாதனமே கிராமத்துக்குச் சுமையாக முடியும். மோட்டாரை ஆளும் அறிவு, சில்லை வடிவமைப்போரிடம் மட்டுமன்றி, வகுப்பறையிலும் வயலிலும் இருப்போரிடத்தும் சேர வேண்டும்.

பெங்களூர் கண்ட மாற்றம்

இவ்விஷயத்தை ஆராய்வதற்குப் பெங்களூர் மிகவும் ஏற்ற இடம். மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 1883 முதல் 1901 வரை விளங்கிய கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் வகுக்கப்பட்ட சிவசமுத்திரம் நீர்மின் திட்டம், 1902-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பியது. அத்திட்டத்தின் முதல் நோக்கம் வீதி விளக்கன்று. சுரங்க யந்திரங்களை ஓட்டுவதேயாம். பெங்களூர் வீதிகளுக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பின்னர், 1905-இல்தான்.

1946-இல் கிர்லோஸ்கர் எலக்ட்ரிக் கம்பெனி பெங்களூரில் தொடங்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில், ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் ஒத்துழைப்புடன், பையப்பனஹள்ளியில் என்.ஜி.இ.எப். என்னும் அரசாங்க மின் சாதனத் தொழிற்சாலை எழுந்தது. மோட்டார் செய்வதிலும், அதற்குக் காயில் சுற்றுவதிலும் தேர்ந்த ஒரு தலைமுறையே இத்தகைய ஆலைகளில் உருவாயிற்று. என்.ஜி.இ.எப். பின்னர் மூடப்பட்டுவிட்டது. அதே பையப்பனஹள்ளியிலிருந்துதான் 2011 அக்டோபர் 20-ஆம் தேதி பெங்களூர் மெட்ரோ ரயிலின் முதல் பகுதி இயங்கத் தொடங்கியது. மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரத்தைப் பெற்று, அதனை மாறுமின்சாரமாக மாற்றி, அதன் வோல்ட்டேஜையும் அதிர்வெண்ணையும் தேவைக்கேற்ப உயர்த்தியும் தாழ்த்தியும் அந்த ரயில் தன் மோட்டார்களை ஓட்டுகிறது. நிறுத்தும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மின்சாரமாகத் திருப்பித் தருகிறது.

இந்த நகரிலேயே 2001-இல் ரேவா என்னும் சிறு மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. முதலில் நேர்மின் மோட்டாரைக் கொண்டிருந்த அது, சில ஆண்டுகளில் மாறுமின் மோட்டாருக்கு மாறியது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2013-இல் தோன்றிய ஏதர் நிறுவனம் தன் மின்சார ஸ்கூட்டரை 2018-இல் பெங்களூரில்தான் முதலில் விற்றது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1985-இல் இங்கே சில்லு வடிவமைப்பு நிலையம் தொடங்கியது; மோட்டார்க் கட்டுப்பாட்டுக்கென்றே தனி வகைச் சில்லுகளை விற்கும் நிறுவனம் அது. இந்திய விஞ்ஞானக் கழகத்தில், ஸ்விட்சர்லாந்தின் உதவியோடு 1970-களில் தோன்றிய மின்னணு வடிவமைப்பு மையம், இப்போது மின்னணு அமைப்புப் பொறியியல் துறை என்ற பெயருடன், மோட்டார் ஓட்டும் மின்மாற்றுச் சுற்றுகளைப் பற்றிய ஆராய்ச்சியிலும் ஈடுபட்டு வருகிறது. 1960-இல் நிறுவப்பட்ட மத்திய மின் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமும் இந்நகரிலேயே உள்ளது.

இங்ஙனம், மோட்டார் செய்யும் கையும், சில்லு வடிவமைக்கும் மூளையும், சோதித்துச் சான்றளிக்கும் கண்ணும் ஒரே நகரில் கூடியிருக்கின்றன. குறை எங்கே என்றால், இவை மூன்றும் சேர்ந்து கண்ட பயன், காயில் சுற்றும் சிறு பட்டறைக்கும் தாலுகா ஊழியருக்கும் போய்ச் சேரும் வழியில்தான்.

சில்லு செய்யும் வேலை

நுண்கட்டுப்படுத்தி மோட்டாரை நேரடியாக ஓட்டுவதில்லை. அது கட்டளையிடுகிறது; அக்கட்டளையை நிறைவேற்றும் கைகள் வேறு. அவை மின்சாரத்தை விரைந்து திறந்து மூடும் அரைக்கடத்தி ஸ்விட்சுகள். ஸ்கூட்டர் போன்ற குறைந்த வோல்ட்டேஜ் சாதனங்களில் மாஸ்பெட் என்னும் வகையும், உயர்ந்த வோல்ட்டேஜில் ஐ.ஜி.பி.டி. என்னும் வகையும் பயன்படுகின்றன. ஐ.ஜி.பி.டி.யின் தந்தையெனக் கருதப்படும் பி. ஜெயந்த் பாலிகா, 1948-இல் சென்னையில் பிறந்து, பெங்களூரை அடுத்த ஜாலஹள்ளியில் வளர்ந்து, 1969-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆராய்ச்சிக் கூடத்தில், வேகத்தை மாற்றத்தக்க மோட்டார்களுக்கு ஏற்ற ஸ்விட்ச் தேவைப்பட்டபோது அவர் கண்ட விடையே அது. பின்லாந்து வழங்கும் மில்லேனியம் தொழில் நுட்பப் பரிசு 2024-இல் இவருக்குக் கிடைத்தது.

ஸ்விட்ச் ஒரு நொடிக்கு 20,000 தடவை திறந்து மூடுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு சுற்றும் 50 மைக்ரோசெகண்டு. அதில் 25 மைக்ரோசெகண்டு மட்டும் மூடியிருந்தால், மோட்டார் உணரும் சராசரி வோல்ட்டேஜ் பாதியாகிறது. மூடியிருக்கும் நேரத்தின் அகலத்தை மாற்றுவதன் மூலம் வோல்ட்டேஜை மாற்றும் இம்முறைக்குத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று பெயர். பழைய முறையில், வேகத்தைக் குறைக்க மின்தடையைச் சேர்ப்பர். மிஞ்சிய ஆற்றல் வெப்பமாக வீணாகும். இம்முறையில் ஸ்விட்ச் முழுதும் திறந்தோ முழுதும் மூடியோ இருப்பதால் இழப்பு மிகக் குறைவு.

ஒவ்வொரு 50 மைக்ரோசெகண்டுக்குள்ளும் சில்லு, கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கிறது; ரோட்டார் எந்நிலையில் உள்ளது என்று அறிகிறது; வேண்டிய வேகத்தோடு ஒப்பிட்டு, அடுத்த துடிப்பின் அகலத்தைக் கணக்கிடுகிறது. 1980-இல் வெளிவந்து இன்றுவரை பாடப்புத்தகங்களில் இடம்பெறும் 8051 வகைச் சில்லு, 12 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில், இந்த இடைவெளியில் ஏறக்குறைய 50 எளிய செயல்களையே முடிக்க இயலும். 100 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இக்காலச் சில்லுக்கோ அதே இடைவெளியில் 5,000 கடிகாரத் துடிப்புகள் கிடைக்கின்றன. 1970-களின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பொறியாளர் பெலிக்ஸ் பிளாஷ்கே வகுத்த காந்தப்புலம் சார்ந்த கட்டுப்பாட்டு முறை, கணக்கு மிகுந்ததாகையால் நெடுநாள் பெரிய யந்திரங்களுக்கே உரியதாயிருந்தது. இப்போது அது வீட்டுச் சலவை யந்திரத்துக்கும் எட்டிவிட்டது.

மூன்று கட்ட மோட்டாருக்கு ஆறு ஸ்விட்சுகள் வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேலொன்றும் கீழொன்றுமாக. ஒரே கட்டத்தின் இரண்டும் ஒரு கணம் சேர்ந்து மூடினாலும், மின்மூலம் நேராகக் குறுக்கிடப்பட்டு ஸ்விட்சுகள் எரிந்துபோகும். ஆகவே ஒன்று திறந்தபின் ஓரிரு மைக்ரோசெகண்டு பொறுத்தே மற்றது மூட வேண்டும். சில்லின் நிரலில் இப்பொறுமை பிழைபட்டால், விலையுயர்ந்த போர்டு கண்ணிமைக்குமுன் கருகும். சோற்றுப் பானையில் ஒரு பருக்கையைப் போல, மோட்டார்க் கட்டுப்பாடு என்பது வெறும் நிரலெழுத்தும் அன்று, வெறும் காயில் சுற்றும் அன்று என்பதை இவ்வொரு செய்தியே காட்டும்.

சிக்கனமும் அதன் எல்லையும்

தூண்டல் மோட்டாரை நேரடியாக மின்கம்பியோடு இணைத்துக் கிளப்பினால், முதற்கணத்தில் அதன் இயல்பான மின்னோட்டத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு பாயும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதனை மெல்லக் கிளப்பி இந்த அதிர்ச்சியைத் தவிர்க்கிறது. காற்றூதியும், அதிக உயரம் ஏற்றாத பம்பும் பெறும் பயன் இன்னும் பெரிது. இவற்றில் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஒத்தது. வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் திறன் 51 விழுக்காடாகக் குறையும்.

கூரை மின்விசிறியைக் கொண்டு இதனை வீட்டளவில் காணலாம். பழைய தூண்டல் வகை விசிறி ஏறக்குறைய 75 வாட் எடுக்கும். நுண்கட்டுப்படுத்தி ஓட்டும் பிரஷ் இல்லாத நிலைக்காந்த மோட்டார் விசிறி, அதே காற்றுக்கு 30 வாட் அளவே எடுக்கிறது. நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓடினால், ஆண்டுக்கு ஏறக்குறைய 164 யூனிட் மிச்சம். கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டதற்குக் காரணம் இத்தகைய மிச்சமே.

எனினும், மும்மடிக் கணக்கை எவ்விடத்தும் கண்மூடிப் பிரயோகிக்கலாகாது. பெங்களூரை அடுத்த கோலார் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறுகள் 1,000 அடியையும் தாண்டிச் செல்கின்றன. அத்தனை ஆழத்திலிருந்து நீரைத் தூக்கும் பம்பு, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே சுழன்றால் ஒரு சொட்டும் மேலே வராது. மின்சாரம் மட்டும் செலவாகும். சூரிய சக்திப் பம்பு காலையில் ஓடுவதுபோல் ஒலித்தும் நீர் தராதிருப்பது பலமுறை பழுதன்று, இவ்வியற்கை விதியே. மேலும், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மோட்டாருக்கும் இடையே கேபிள் நீளமாக நீளமாக, கூர்மையான துடிப்புகள் மோட்டார் முனையில் எதிரொலித்து, வோல்ட்டேஜ் ஏறத்தாழ இருமடங்குவரை எழக்கூடும். காயிலின் காப்பு விரைவில் கெடும். நீண்ட கேபிளுக்கு வடிகட்டிச் சுற்று அவசியம். இதை அறியாத விற்பனையாளர் கொடுக்கும் பெட்டி, அறியாத ஊழியர் கையெழுத்திட்டு ஏற்கும் பெட்டி, இரண்டாண்டில் மோட்டாரைக் கொன்றுவிடும். பழி காயில் சுற்றியவர்மேல் விழும்.

அறிவு நின்றுபோன இடம்

பழைய மின்விசிறி நின்றால் பெரும்பாலும் கண்டன்சரே காரணம். தெருக்கோடி எலக்ட்ரீஷியன் அதைச் சில நிமிடங்களில் மாற்றிவிடுவார். புதிய விசிறி நின்றால், பிசின் ஊற்றி மூடிய போர்டு முழுவதையுமே மாற்ற வேண்டும்; ஒரு மாதிரிக்குரிய போர்டு மற்றொன்றுக்குப் பொருந்துவது அரிது. விசிறியில் இது சில நாள் புழுக்கத்தோடு போகும். பம்பில் அப்படியன்று.

2019-இல் தொடங்கிய பிரதம மந்திரி குசும் திட்டத்தின் கீழ் 7.5 குதிரைத்திறன் வரையிலான தனித்த சூரிய சக்திப் பம்புகளுக்கு உதவி அளிக்கப்பட்டது. அத்தகைய பம்பொன்று பயிர் பூக்கும் பருவத்தில் நின்றுவிட்டால், பழுது சூரியத் தகட்டிலா, பெட்டியிலா, கேபிளிலா, நீருக்கடியிலுள்ள மோட்டாரிலா என்று முதலில் கண்டறிய வேண்டும். பெட்டியின் பழுதை மோட்டாரின் பழுதென்று கருதி, 1,000 அடி ஆழத்திலிருந்து குழாயோடு மோட்டாரை மேலே இழுப்பது, ஆட்களும் கூலியும் நாட்களும் விழுங்கும் வேலை. இழுத்தபின் மோட்டார் நன்றாகவே இருப்பது தெரிந்தால், அந்தச் செலவைத் திருப்பித் தருவார் எவருமில்லை. இச்செலவைத் தடுப்பது புதிய யந்திரமன்று. அங்கு நிற்கும் ஊழியரின் அறிவேயாகும்.

அவ்வறிவு வராததற்குப் பாடசாலைப் பிரிவினையும் ஒரு காரணம். தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீஷியன் ஒரு தொழில். எலக்ட்ரானிக் மெக்கானிக் மற்றொரு தொழில். முன்னவர் காயிலும் ஸ்டார்ட்டரும் நன்கறிவார். வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி அவருக்கு இணைப்பு முனைகள் மட்டுமுள்ள மூடிய டப்பா. பின்னவர் சில்லுக்கு நிரலெழுதக் கற்கிறார், ஆனால் எல்.இ.டி. விளக்கை மின்னச் செய்வதோடும், சிறு படிமோட்டாரைச் சுழற்றுவதோடும் அவர் பயிற்சி நின்றுவிடுகிறது. பாலிடெக்னிக்கிலும் இரண்டும் இருவேறு துறைகளே. வயலிலோ ஒரே பெட்டியில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

எதிர்வாதங்கள்

மூடிய பெட்டியை ஆதரிப்போர் கூறும் காரணங்களும் புறக்கணிக்கத்தக்கவையல்ல. ஈரமும், பல்லியும், எறும்பும் புகாமல் காக்கவே போர்டு பிசினால் மூடப்படுகிறது என்பர், அது உண்மை. உள்ளே உயிருக்கு ஆபத்தான வோல்ட்டேஜ் இருக்கிறது என்பர், அதுவும் உண்மை. 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்சாரமாக்கப்படும்போது 325 வோல்ட் வரையிலும், 415 வோல்ட் மூன்று கட்ட மின்சாரம் 587 வோல்ட் வரையிலும் மின்தேக்கிகளில் தேங்கும். மெயினை அணைத்த பின்னும் அது சில நிமிடங்கள் தங்கியிருக்கும். நிரல் தங்கள் முயற்சியின் பலன், அதை வெளியிடலாகாது என்றும் உற்பத்தியாளர் கூறுவர்.

ஆனால் நிரலை வெளியிடுமாறு எவரும் கேட்கவில்லை. பழுதுக் குறியீட்டின் பொருள், இணைப்புப் படம், ஒவ்வொரு முனையிலும் இருக்கவேண்டிய வோல்ட்டேஜ், மாற்றத்தக்க உறுப்புகளின் பட்டியல், இவையே வேண்டுவன. இவற்றில் தொழில் இரகசியம் ஏதுமில்லை. ஆபத்து உண்டு என்பதோ, அறிவை மறைப்பதற்குக் காரணமாகாது. அதைக் கற்பிப்பதற்கே காரணமாகும். மறைக்கப்பட்ட பெட்டியையும் யாரேனும் ஒருவர் திறக்கத்தான் போகிறார். அவர் அறிந்து திறப்பது நல்லதா, அறியாது திறப்பது நல்லதா என்பதே கேள்வி. பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழுவொன்றை அமைத்து, அவ்வாண்டு இறுதியில் இணையதளமொன்றும் தொடங்கியது. விவசாயக் கருவிகளும் அதன் வரம்பில் சேர்க்கப்பட்டவை. அத்தொடக்கத்தைப் பம்புப் பெட்டிவரை கொண்டு செல்வது கொள்முதல் செய்வோரின் கடமை.

செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் பெரிய பொருட்செலவின்றியே தொடங்கலாம். 12 வோல்ட் சிறு நேர்மின் மோட்டார் ஒன்று, எளிய நுண்கட்டுப்படுத்திப் போர்டு ஒன்று, ஒரு மாஸ்பெட், மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு, திருகு மின்தடை ஒன்று, அம்மீட்டர் ஒன்று ஆகியவை போதும். துடிப்பின் அகலம் மிகக் குறைவாயிருக்கையில் மோட்டார் முனகியும் சுழலாதிருப்பதையும், உராய்வை வென்றபின் சட்டெனச் சுழல்வதையும் மாணவர் காண்பர். அச்சைத் துணியால் மெல்லப் பிடித்தால் அம்மீட்டர் உயர்வதைக் கண்டு, பளுவுக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள உறவை அறிவர். டையோடு இல்லாவிடில் மாஸ்பெட் ஏன் எரியும் என்பதை விளக்கும்போது, காயிலின் தூண்டல் விதி புத்தகத்திலிருந்து மேஜைக்கு இறங்கி வரும். எலக்ட்ரிகல் மாணவர் ஒருவரும் எலக்ட்ரானிக்ஸ் மாணவர் ஒருவரும் இப்பரிசோதனையைச் சேர்ந்து செய்யுமாறு ஏற்பாடு செய்தல் நன்று.

வயலில் பணிபுரிவோர் சில ஒழுங்குகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். பெட்டியை அணைப்பதற்குமுன் அது காட்டும் பழுதுக் குறியீட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். அணைத்தபின் அது மறையலாம். பகலில் சூரியத் தகடு மின்சாரம் தந்துகொண்டேயிருக்குமாகையால், தகட்டுப் பக்கத்து ஸ்விட்சையும் திறந்து, உற்பத்தியாளர் குறித்த நேரம் பொறுத்து, மீட்டரால் வோல்ட்டேஜ் இறங்கியதை உறுதி செய்த பின்னரே கை வைக்க வேண்டும். மோட்டார்க் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி, மூன்று காயில்களின் மின்தடையும் சமமா என்று பார்த்து, பின்னர் மெக்கர் கொண்டு காப்பைச் சோதிக்க வேண்டும். கேபிளைக் கழற்றாமல் மெக்கரைப் பிரயோகித்தால் அதன் உயர் வோல்ட்டேஜே பெட்டியைக் கெடுத்துவிடும். மின்தடை சமமாகவும் காப்பு நன்றாகவும் இருந்தால், மோட்டாரை மேலே இழுக்கத் தேவையில்லை. குற்றத்தைப் பெட்டியிலும் தகட்டிலும் தேடலாம். இச்சோதனைக்கு அரை மணியே போதும்.

கொள்முதல் செய்யும் அலுவலகங்கள், விலையோடு சேர்த்து, தமிழிலும் கன்னடத்திலும் அச்சிட்ட பழுதுக் குறியீட்டு அட்டையையும், இணைப்புப் படத்தையும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உதிரிப் போர்டு கிடைக்கும் என்ற உறுதியையும் ஒப்பந்தத்தில் நிபந்தனையாக்க வேண்டும். கேபிளின் நீளத்தைக் கேட்டு, அதற்கேற்ற வடிகட்டி உண்டா என்று சரிபார்க்க வேண்டும். நிபந்தனை இல்லாத இடத்தில் உற்பத்தியாளரைக் குறைகூறிப் பயனில்லை.

காயில் சுற்றும் பட்டறைகள் ஒவ்வொரு தாலுகாத் தலைநகரிலும் தழைத்ததற்குக் காரணம், தூண்டல் மோட்டாரின் உள்ளமைப்பு எவரும் திறந்து பார்த்துக் கற்கத்தக்கதாய் இருந்ததேயாம். யந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஊரிலேதான் அந்த யந்திரம் நிலைத்தது. நுண்கட்டுப்படுத்தி அவ்வூர்களில் நிலைபெற வேண்டுமாயின், அதன் அறிவும் அதே பட்டறைகளின் மேஜைக்கு வந்தாக வேண்டும். சில்லின் விலை நீண்ட காலப் போக்கில் குறைந்து வந்திருக்கிறது. அதனை அறிந்தவரின் எண்ணிக்கையை உயர்த்தும் வேலை ஆசிரியரையும் ஊழியரையும் எதிர்நோக்கி நிற்கிறது.